புரோநோட்டுக்கு மூன்று வருடம் எந்தத் தேதியிலிருந்து?

வேலூரில் சிவில் வழக்குகள் நடத்துகிறேன். கடன் வாங்கியவர் எழுதிக் கொடுக்கும் புரோநோட்டை வைத்து வழக்குப் போட மூன்று வருடம்தான் காலம். உண்மையாகவே பணம் கொடுத்தவர்கள், நாள் கடந்துபோனதால் வெறுங்கையோடு திரும்புவதைப் பார்த்தால் மனசு ஆறுவதில்லை. அதனால் வந்த கேள்விகளுக்குத் தேதி போட்டே பதில் சொல்கிறேன்.

குடியாத்தம், லுங்கி வியாபாரி: 2023 ஆகஸ்ட் 10-ல் எழுதிய நோட்டு, சார். 2025 பொங்கலுக்குப் பிறகுதான் பணத்தைக் கேட்டேன். கேட்ட நாளிலிருந்துதானே மூன்று வருடம்?

இல்லைங்க. உங்கள் நோட்டில் “தாங்கள் கேட்கும்போது” என்றுதான் எழுதியிருக்கும். அப்படி எழுதிய நோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்தே காலம் ஓடும். காலவரையறைச் சட்ட அட்டவணையின் 35-வது இனம் அதைத்தான் சொல்கிறது. நீங்கள் எப்போது கேட்டீர்கள் என்பதற்கு இதில் வேலையே இல்லை. எழுதிய நாளைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால், 2026 ஆகஸ்ட் 10 கடைசி நாள்.

ஆம்பூர், தோல் கமிஷன் ஏஜென்ட்: என்னுடையதில் “ஆறு மாதத்தில் தருகிறேன்” என்று இருக்கிறது. தேதி 2023 நவம்பர் 1.

உங்கள் கணக்கு வேறு. கெடு முடிந்த பிறகுதான் காலம் ஆரம்பிக்கும். ஆறு மாதம் 2024 மே 1-ல் முடிகிறது. மாற்றுமுறை ஆவணச் சட்டம் கொடுக்கும் சலுகை நாள் மூன்றையும் சேர்த்தால் மே 4. அங்கிருந்து மூன்று வருடம், அதாவது 2027 மே 4. மே மாதம் சிவில் கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. கடைசி நாளில் கோர்ட் மூடியிருந்தால், திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். ஆனாலும் அதை நம்பி உட்காராமல் மார்ச்சிலேயே போட்டுவிடுங்கள்.

காட்பாடி: வக்கீல் நோட்டீஸ் அனுப்பியாயிற்று. காலம் நிற்குமா?

நிற்காது. வழக்கு தாக்கலானால்தான் கணக்கு.

வாலாஜா, மளிகைக்கடை: மாதாமாதம் வட்டி வருகிறது. நோட்டின் பின்பக்கம் நானே வரவு எழுதி வைக்கிறேன். போதுமா, ஐயா?

போதாது. இந்த இடத்தில்தான் நிறைய பேர் ஏமாந்து போகிறார்கள். வட்டியோ அசலில் ஒரு பகுதியோ வந்தால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் பழைய மூன்று வருடம் முடிவதற்குள் பணம் வந்திருக்க வேண்டும். அந்த வரவு, கொடுத்தவர் கையால் எழுதியதாகவோ அவர் கையெழுத்துப் போட்டதாகவோ இருக்க வேண்டும். உங்கள் கையெழுத்தில் இருப்பது உங்கள் கணக்குக்கு மட்டுமே. ஜிபேயில் வந்தாலும் சரி, ஆளை நேரில் கூப்பிட்டு, தேதி, தொகை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சொந்தக்காரர் ஆயிற்றே, எப்படிக் கேட்பது என்று தயங்காதீர்கள். அதற்குள் காலம் முடிந்துபோயிருந்தால் வெறும் வரவுக் குறிப்பு உதவாது. “பழைய பாக்கியைத் தருகிறேன்” என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டால், ஒப்பந்தச் சட்டம் 25(3) பிரிவின்படி அது புது வாக்குறுதி ஆகும்.

பேரணாம்பட்டு: வீட்டுக்காரர் போன வருடம் தவறிவிட்டார். டிரங்குப் பெட்டியில் 2019 செப்டம்பர் 15 தேதி போட்ட நோட்டு கிடைத்தது. இரண்டு லட்சம் ரூபாய். வழியிருக்கிறதா, ஐயா?

அம்மா, ஓட ஆரம்பித்த காலம் ஒருவர் இறந்ததால் நிற்பதில்லை. கொரோனாவுக்காக 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களை உச்ச நீதிமன்றம் கழித்துக் கொடுத்தது. அதற்கு முன்பே ஆறு மாதம் ஓடிவிட்டது. மீதி இரண்டரை வருடத்தை 2022 மார்ச் 1-லிருந்து எண்ணினால், 2024 ஆகஸ்ட்டோடு முடிகிறது. நோட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் காலம் கடந்துவிட்டது. ஆனால் அதற்குள் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். கடன் வாங்கியவர் கையெழுத்தோடு வரவு ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அந்தத் தேதியை எனக்குச் சொல்லுங்கள், உட்கார்ந்து மறுபடி எண்ணிப் பார்ப்போம்.