ஹெட்போனுக்குள் ஓர் இழவு வீடு

கேள்வி: எனக்கு வயது 23. தண்டையார்பேட்டையில் அம்மா, அக்காவோடு இருக்கிறேன். மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் இரவு ஷிப்ட். உள்ளே வரும் வண்டிகளின் எண்ணைக் குறித்துக்கொள்ளும் வேலை. மூன்று வருடமாக 'டிப்ரஸிவ் பிளாக் மெட்டல்' என்ற வகை இசையைக் கேட்கிறேன். கிட்டார் இரைச்சல், அதற்குப் பின்னால் யாரோ அலறுவது போன்ற குரல், பத்துப் பன்னிரண்டு நிமிடம் நீளும் பாட்டுகள். கேட்டால் மனம் லேசாகும். அம்மா, "வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வீட்டில் என்ன இழவுச் சத்தம்" என்று திட்டுகிறார். இந்தப் பாடகர்களில் தற்கொலை செய்துகொண்டவர் உண்டு என்று போனில் படித்ததிலிருந்து அக்காவுக்குப் பயம். போன வருடம் அப்பா தவறிவிட்டார். மூலக்கொத்தளத்துக்குக் கொண்டுபோன அன்று எனக்கு அழுகை வரவில்லை. ஐஸ் பெட்டிக்கும் பூப்பல்லக்குக்கும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது மூன்று வாரமாகப் பகலில் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை. பாட்டும் முன்போல ஏறவில்லை; ஆனாலும் ஓடவிட்டுக்கொண்டே இருக்கிறேன். இந்த இசை என்னைக் கெடுத்துவிட்டதா? நிறுத்திவிட வேண்டுமா?
– பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

பதில்: தம்பி, கேட்காத ஒன்றைப் பற்றிக் கருத்துச் சொல்வது சரியில்லை என்பதால், நேற்று இரவு கடைசி நோயாளி போன பிறகு, நீங்கள் சொன்ன வகைப் பாட்டு ஒன்றைக் கிளினிக்கில் உட்கார்ந்து கேட்டேன். முதல் நிமிடத்திலேயே கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார். ஜெனரேட்டரில் ஏதோ கோளாறு என்று நினைத்தாராம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நான்காம் நிமிடம் வாக்கில் இரைச்சலுக்கு அடியில் ஒரு மெட்டு ஓடுவது பிடிபட்டது. மூன்றே மூன்று சுரக்கோவை (ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), திரும்பத் திரும்ப, அவசரமே இல்லாமல். அதற்குப் பிறகு அந்த அலறல் எரிச்சலூட்டவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ அழுவதைக் கேட்பது போல இருந்தது. முழுப் பாட்டையும் கேட்டேன். இன்னொன்று கேட்பேனா என்றால், மாட்டேன். எனக்கு சௌந்தரராஜன் போதும். ஆனால் உங்களுக்கு ஏன் பிடிக்கிறது என்பது எனக்குப் புரிந்தது.

'பிளாக் மெட்டல்' என்ற பெயர் 1982-இல் வெனம் என்ற இங்கிலாந்துக் குழு தன் இசைத்தட்டுக்கு வைத்தது. அதை ஒரு தனி இசையாக வளர்த்தவர்கள் 1990-களின் தொடக்கத்தில் நார்வேயில் இருந்த இளைஞர்கள். கிட்டார்த் தந்தியை வில்லையால் மேலும் கீழும் படுவேகமாகத் தட்டுவார்கள். தனித்தனிச் சுரம் மறைந்து, தகரக் கூரையில் அடைமழை பெய்வதுபோல ஒரே பரப்பாகக் கேட்கும். டிரம் ஓடுகிற வேகத்துக்குச் சுரக்கோவை நகராது. மேலே புயல், அடியில் தேங்கிய தண்ணீர். ஒலிப்பதிவையும் வேண்டுமென்றே மட்டமாகச் செய்வார்கள். பாடுகிறவர் பக்கத்தில் இல்லாமல் எங்கோ தூரத்தில் இருப்பதுபோல அது ஆக்கிவிடும். பின்னால் ஸ்வீடன், இத்தாலி, அமெரிக்கா என்று பரவியபோது, இதிலிருந்து சாத்தானையும் சண்டையையும் கழற்றிவிட்டுத் துயரத்தை மட்டும் வைத்துக்கொண்டவர்கள்தான் உங்கள் வகையினர். இவர்களில் பலர் குழுவே கிடையாது. கலிஃபோர்னியாவின் சாஸ்தர் போல, ஒரே ஆள் ஓர் அறைக்குள் உட்கார்ந்து எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்துப் பதிந்தது. தனிமையைப் பற்றிய பாட்டு என்பதைவிடத் தனிமையிலேயே செய்த பாட்டு என்று சொல்லலாம்.

மனிதக் குரல் அலறும்போது அதன் ஒலிவலிமை நொடிக்கு 30 முதல் 150 தடவை வரை ஏறி இறங்குகிறது. சாதாரணப் பேச்சில் அந்த வேகம் இல்லை. அந்தக் கரகரப்பு, ஆபத்தை முகர்ந்து பார்க்கும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியைத் தட்டி எழுப்பும். அம்மா சமையலறையிலிருந்து ஓடி வருவது அதனால்தான். அவர் காது சரியாகத்தான் வேலை செய்கிறது. உங்களுக்கோ மூன்று வருடப் பழக்கம். ஆபத்து இல்லை என்று தெரிந்த இடத்தில் அலறல் கேட்டால் அது அச்சுறுத்தாது. நம் சார்பில் வேறு யாரோ கத்திவிட்டது போல இருக்கும்.

சோக இசை ஆளைச் சோகத்தில் தள்ளும் என்பதே பலரும் போடும் கணக்கு. 2014-இல் 772 பேரிடம் இதைக் கேட்டு வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சோக இசை கேட்கும்போது அதிகம் பேர் சொன்ன உணர்ச்சி சோகம் இல்லை. பழைய நினைவின் ஏக்கம். மனச்சோர்வு உள்ளவர்கள் ஏன் சோகப் பாட்டையே தேடுகிறார்கள் என்று சவுத் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் பார்த்தார்கள். இன்னும் அழுந்திப் போக அல்ல, மனம் அமைதியாகிறது என்பதால் என்றே அவர்களும் சொன்னார்கள். 2015-இல் ஆஸ்திரேலியாவில், மெட்டல் ரசிகர்கள் 39 பேரைக் கோபம் வரும்படி பேசவைத்துவிட்டு, ஒரு பகுதியினரை அவர்களுடைய பாட்டையே கேட்க விட்டார்கள், மற்றவர்களைச் சும்மா உட்காரவைத்தார்கள். பாட்டுக் கேட்டவர்களுக்குக் கோபம் ஏறவில்லை, சும்மா உட்காரவைத்தவர்களைப் போலவே அவர்களும் அடங்கினார்கள். ஆக, "மனம் லேசாகும்" என்று நீங்கள் எழுதியதை நான் நம்புகிறேன்.

இதற்காக நான் ஆஸ்திரேலியா வரை போயிருக்கவே வேண்டாம். உங்கள் தெருவிலேயே இருக்கிறது. இழவு வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, தலையை முன்னும் பின்னும் ஆட்டி ஒப்பாரி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே மெட்டு, ஒரே இழுவை, மணிக்கணக்கில். புதிதாக ஒருத்தி வாசலில் செருப்பைக் கழற்றியதும் மறுபடி முதலிலிருந்து. தொண்டை கிழியப் பாடியவள் சற்றுப் பொறுத்து மூக்கைச் சிந்திவிட்டு, "டீ வந்ததா?" என்று கேட்பாள். சிறுவயதில் இதைப் பார்த்து, இவள் அழுதது பொய்யோ என்று நினைத்திருக்கிறேன். பொய் இல்லை. உள்ளே போய் வெளியே வர அவளுக்கு வழி தெரியும், அவ்வளவுதான். வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் இரவு முழுக்க ஹார்மோனியத்தோடு பாடும் மரண கானாவும் இதே வேலையைத்தான் செய்கிறது. தொல்காப்பியம் அழுகையை எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக வைத்து, இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று அதற்கு நான்கு காரணமும் சொல்கிறது. நெய்தல் நிலத்துக்கு உரிய உணர்ச்சி இரங்கல். காசிமேட்டுக் கடல்காற்று வீசும் இடத்தில் இருந்துகொண்டு சோகப் பாட்டுக் கேட்கிறவரை விநோதப் பிறவி என்று நாம் சொல்லக் கூடாது.

ஆனால் அந்த வட்டத்தில் உங்களுக்கு இடம் இல்லை. அழுவது பெண்கள் வேலை. மூத்த மகனுக்கு ஐஸ் பெட்டிக்காரரோடு பேரம் பேசும் வேலை. எல்லோரும் அழுது முடித்துக் கலைந்தபோது நீங்கள் பூக்காரருக்குப் பாக்கி எவ்வளவு என்று எண்ணிக்கொண்டிருந்தீர்கள். அதற்குப் பிறகாவது அழலாம் என்றால் எங்கே? நம் பகுதி வீடுகளைப் பற்றி எனக்குத் தெரியும். பத்துக்குப் பத்து அறை ஒன்று, தடுப்புக்கு ஒரு புடவை, பக்கத்து வீட்டுத் தாளிப்பு நம் வீட்டில் நெடியேறும். தனியாக அழ ஓர் அறை கேட்டால் சிரிப்பார்கள். ஹெட்போன்தான் உங்களுக்குக் கிடைத்த அறை. அதை மாட்டினால் கண்முன் விரிவது ஆள் நடமாட்டமில்லாத பனிக்காடு, தெரிந்த முகம் ஒன்றுகூட எதிரே வராத இடம், டிரெய்லர் ஹாரன் இல்லாத இடம். எண்ணூர் சாலையில் விடிய விடிய நிற்கும் கன்டெய்னர் வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் அந்தக் காட்டுக்கு ஏங்குவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அக்கா படித்ததும் உண்மைதான். மேஹம் என்ற நார்வேக் குழுவின் பாடகர் 1991-இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதே குழுவின் கிட்டார்க் கலைஞரை 1993-இல் வேறொரு இசைக்காரர் கொலை செய்தார். தேவாலயங்களை எரித்த வழக்குகளும் இருந்தன. இந்த வகையின் சுருக்கப் பெயருக்குள்ளேயே தற்கொலை என்ற சொல்லை நுழைத்து வைத்திருக்கிறார்கள். கேட்பவர் இதற்கெல்லாம் பொறுப்பு இல்லை. ஆனால் தன்னை வெட்டிக்கொள்வதை ஏதோ வீரம்போல அட்டைப்படத்தில் காட்டும் சிலர் இருக்கிறார்கள்; அவர்களை நான் கலைஞர்கள் என்று மதிக்கவில்லை. மனம் இறங்கியிருக்கும் நேரத்தில் அவை கண்ணில் படவே வேண்டாம். போனிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இப்போது, வீட்டில் எல்லோரும் கவலைப்படும் வரியை விட்டுவிட்டு, நான் கவலைப்படும் வரிக்கு வருகிறேன். "பாட்டும் முன்போல ஏறவில்லை; ஆனாலும் ஓடவிட்டுக்கொண்டே இருக்கிறேன்."

நீங்கள் அந்த இசையில் உருகிக்கொண்டிருந்த மூன்று வருடமும் எனக்குக் கவலை தரவில்லை. இந்த மூன்று வாரம் தருகிறது. பிடித்தது பிடிக்காமல் போவது மனச்சோர்வு நோயின் இரண்டு முக்கிய அறிகுறிகளில் ஒன்று. மற்றொன்று விடாத துயரம். சோகம் என்பது உணர்ச்சி. நோய் முற்றும்போது பலருக்கு அந்த உணர்ச்சியும் மரத்துப்போகும். நாக்கில் ருசி போவதுபோலக் காதிலும் போகும். அதோடு தூக்கம் இல்லை, பசி இல்லை. இப்படிப்பட்ட ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து சேர்ந்து இரண்டு வாரம் நீடித்தால் மனச்சோர்வு நோய் என்போம். கடிதத்தை வைத்து நான் முடிவு கட்ட முடியாது. இரவு ஷிப்ட்டே தூக்கத்தையும் மனநிலையையும் குலைக்கும். தைராய்டு குறைந்தாலும், பி12 குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே கோலம் வரும். அப்பாவுக்காக அழாத அழுகையும் கணக்கில் உண்டு. நேரில் பார்த்து, ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்தால்தான் எது எவ்வளவு என்று பிரிக்க முடியும்.

பாட்டை நிறுத்த வேண்டுமா என்றால், ஒட்டுமொத்தமாக வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஹெட்போனைக் கழற்றி அரை மணி நேரம் கழித்து எப்படி இருக்கிறீர்கள்? மூச்சு தளர்ந்து, ஒரு டீ குடிக்கத் தோன்றினால் அது ஒப்பாரி செய்த வேலை. அதே நினைப்பை மாடு அசைபோடுவதுபோல மென்றுகொண்டு, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற இடத்திலேயே நின்றால், அன்று அந்தப் பாட்டு உங்களுக்கு ஆகவில்லை. இப்படி அசைபோடும் மனம் சோக இசையிலிருந்து இன்னும் கனத்துப் போய்த்தான் வெளியே வருகிறது. உணர்வே இல்லாமல் சும்மா ஓடவிடுவது மூன்றாவது வகை. அதை மட்டும் இன்றே நிறுத்துங்கள், முக்கியமாகப் படுத்த பிறகு. ஒலியளவும் முக்கியம். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 என்றால் 4 மணி நேரம்தான். யார்டு இரைச்சலை அமுக்குவதற்காக நீங்கள் வைக்கும் அளவு எவ்வளவு என்று என்னால் ஊகிக்க முடிகிறது.

கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றை நேரடியாகக் கேட்கிறேன். செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா? இதைக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்பது வீண் பயம். கேட்டதும் பலர் பெருமூச்சு விட்டுத்தான் பேசத் தொடங்குகிறார்கள். வருகிறது என்றால், எப்படி, எப்போது என்று யோசிக்கும் அளவுக்குப் போயிருந்தால், நாளை வரை பொறுக்க வேண்டாம். அக்காவை எழுப்பிச் சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், 104-க்கும் அழைக்கலாம். பக்கத்தில் எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவு இருந்தாலும் சரி.

அப்படி இல்லை என்றாலும் இந்த வாரமே ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். காலையில் ஷிப்ட் முடிந்ததும் நேராகப் போய்விடுங்கள். வீட்டுக்கு வந்து படுத்தால் புரண்டு புரண்டு மதியமாகிவிடும், புறநோயாளிச் சீட்டு கிடைக்காது. மனச்சோர்வுக்கான மாத்திரை கொடுத்தால் அது தூக்க மாத்திரை இல்லை, பழக்கமாகிவிடும் வகையும் இல்லை. பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் பிடிக்கும். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதல் சில வாரங்களில் பதற்றமோ தப்பான எண்ணமோ கூடுகிறதா என்று உன்னிப்பாகப் பார்க்க வேண்டும் என்பதால், சொன்ன தேதியில் தவறாமல் திரும்பப் போக வேண்டும். கொஞ்ச நாளைக்குப் பகல் ஷிப்ட் கேட்டுப் பாருங்கள். டாக்டர் கடிதம் எழுதித் தருவார். அப்பாவைப் பற்றி அங்கே பேச்சு வந்தால் மழுப்ப வேண்டாம்.

அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். வரிசையில் எப்படியும் ஒரு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒரு பாட்டை எடுத்து, ஹெட்போனின் ஒரு பக்கத்தை அவர் காதில் வையுங்கள். மூன்றாம் நிமிடத்தில் கழற்றிவிடுவார். பரவாயில்லை.