தீவுகளுக்கு நடுவே கேட்டமரனில் ஒரு வாரம்: கேள்வி பதில்

கேள்வி: எட்டுப் பேர் சேர்ந்து ஒரு வாரம் கேட்டமரன் (இரண்டு உடல் கொண்ட பாய்ப்படகு) வாடகைக்கு எடுத்துப் போகலாம் என்று இருக்கிறோம். எந்தக் கடல், எந்த மாதம் என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: காற்றை வைத்து. விடுமுறை எந்த மாதம் என்று முதலில் உறுதி செய்துகொண்டு, அந்த மாதத்தில் நல்ல காற்று வீசும் கடலைத் தேடுங்கள்.

கரீபியனில் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை அதன் உச்சம். டிசம்பர் முதல் மே வரை கிழக்கிலிருந்து 15 முதல் 20 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது சுமார் 1.85 கிலோமீட்டர்) காற்று நிலையாக இருக்கும். ஆனால் கிறிஸ்துமஸை ஒட்டியும் ஜனவரியிலும் அதே காற்று 25, 30 நாட் வரை ஏறி நாள்கணக்கில் இறங்காமல் நிற்பதுண்டு. புதியவர்களுக்கு ஏப்ரலும் மேயும்தான் என் பரிந்துரை.

சீஷெல்ஸின் மாஹே, பிராலின், லா டீக் தீவுகள் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வழக்கமான சூறாவளிப் பாதைக்கு வெளியே உள்ளன. அங்கே மே முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று பலமாக வீசும். டிசம்பர் முதல் மார்ச் வரை வடமேற்குக் காற்றும் மழையும். காற்று திசை மாறும் ஏப்ரலிலும் நவம்பரிலும் கடல் தெளிந்து கிடக்கும். பாய்க்குத்தான் வேலை குறைவு, எஞ்சினை நிறைய ஓட்ட வேண்டியிருக்கும். புக்கெட் பக்கம் என்றால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. ஆஸ்திரேலியாவின் விட்சண்டே தீவுகளுக்கு ஜூன் முதல் அக்டோபர் வரை நல்லது. மற்ற மாதங்களில் சூறாவளி பயம் ஒருபுறம், கொட்டும் ஜெல்லி மீன்கள் மறுபுறம்; உடலை முழுவதும் மூடும் உடை இல்லாமல் நீரில் இறங்க முடியாது.

கேள்வி: கேட்டமரன் என்பது நம் கட்டுமரம்தானே? சாயாது என்கிறார்களே, அப்படியானால் ஒற்றை உடல் படகைவிடப் பாதுகாப்பானதா?

பதில்: சொல் கட்டுமரத்திலிருந்து போனதுதான். பொருள் வேறு. மரங்களைச் சேர்த்துக் கட்டினால் கட்டுமரம். இதில் இரண்டு தனி உடல்களை மேலே ஒரு தளம் இணைக்கிறது. 42 அடிப் படகின் அகலம் 7 மீட்டரைத் தாண்டும். நீருக்குள் இறங்குவது 1.2 மீட்டர் அளவுதான். அதனால் ஒற்றை உடல் படகு நுழைய முடியாத ஆழமற்ற குடாக்களிலும் நிறுத்தலாம்.

சாயாது என்பது வசதி. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. ஒற்றை உடல் படகில் காற்று கூடினால் படகு சாய்ந்து, பாயிலிருந்து காற்று வழிந்து, ஓட்டுபவருக்குத் தானாகவே எச்சரிக்கை கிடைத்துவிடும். கேட்டமரன் அப்படியே நிற்கும். கூடிய விசை முழுவதும் பாய்மரத்துக்கும் அதைத் தாங்கும் கம்பிகளுக்கும் போகும். மேசைமேல் வைத்த காபி சிந்தவில்லை என்பதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். காற்றுமானியைப் பார்த்தே பாயைச் சுருக்க வேண்டும். பொதுவாக 18 நாட் உண்மைக் காற்றில் (படகின் வேகம் சேராத காற்று) முதல் சுருக்கு, 24, 25 நாட் காற்றில் இரண்டாவது. உங்கள் படகின் கையேட்டில் தனி அட்டவணை இருந்தால் அதுவே இறுதி.

காற்றை முதுகில் வாங்கிப் போகும்போது இன்னும் கவனம் தேவை. 24 நாட் காற்றில் நீங்கள் 8 நாட் வேகத்தில் ஓடினால் முகத்தில் படுவது 16 நாட்தான். இதமாக இருக்கும். ஏதோ காரணத்துக்காகப் படகைக் காற்றை நோக்கித் திருப்பினால் அந்த 16 அடுத்த நிமிடமே 28, 30 ஆகிவிடும்.

கேள்வி: பாயைச் சுருக்கும்போது கிழிந்துபோவதாகக் கேள்விப்பட்டேன். எதனால்?

பதில்: பெரும்பாலும் மின் விஞ்சினால் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை). எஞ்சினை மெதுவாக ஓட விட்டு படகின் மூக்கைக் காற்றுக்குக் காட்டுங்கள். பெரிய பாயை இழுத்துப் பிடிக்கும் ஷீட் கயிற்றைத் தளர்த்துங்கள். பாயை ஏற்றும் கயிற்றைக் குறித்த அடையாளம் வரை இறக்குங்கள். பிறகுதான் சுருக்குக் கயிற்றை இழுக்க வேண்டும். கயிறு எங்காவது சிக்கியிருந்தால் கையால் இழுப்பவருக்கு உடனே தெரியும், மின் விஞ்சுக்குத் தெரியாது. துணியைக் கிழித்துக்கொண்டு இழுத்தபடியே இருக்கும். பொத்தானை அழுத்துபவரின் கண் பாயின்மேல்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: எங்களில் ஒருவருக்கு ஓரளவு பாய்ப்படகு ஓட்டத் தெரியும். ஸ்கிப்பர் (படகை ஓட்டிப் பொறுப்பேற்பவர்) தேவையா?

பதில்: விதி இடத்துக்கு இடம் மாறும். விட்சண்டேயில் உரிமம் கேட்பதில்லை. விளக்க வகுப்பும் ஓட்டப் பயிற்சியும் கொடுத்து அனுப்புவார்கள். வேறு இடங்களில் நீங்கள் ஓட்டிய படகுகளின் நீளம், நாட்கள், பொறுப்பு எல்லாம் எழுதிய அனுபவப் பட்டியல் கேட்பார்கள், சில நாடுகளில் சான்றிதழே வேண்டும். முன்பதிவுக்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 'ஓரளவு' என்றால் முதல் இரண்டு நாளுக்காவது ஸ்கிப்பர் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் படுக்கையும் சாப்பாடும் உங்கள் கணக்கு. எட்டுப் பேருக்கு நான்கு அறை என்றால் அவர் எங்கே தூங்குவார் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

கேள்வி: ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் திட்டமிடலாம்?

பதில்: 10 முதல் 20 கடல் மைல். முதல் நாள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பிற்பகல் 2 மணிக்குள் அடுத்த குடாவில் இருங்கள், தாமதித்தால் நல்ல இடம் போய்விடும். கடைசி இரவு புறப்பட்ட துறைமுகத்துக்குப் பக்கத்தில் தங்குங்கள்.

வரைபடத்தில் பார்க்கும் தூரத்தை மட்டும் நம்பாதீர்கள். எதிர்க்காற்றில் கேட்டமரன் காற்றுக்கு 55 பாகைக்குள் நெருங்கிப் போவது சிரமம். இடமும் வலமுமாக வளைந்து போக வேண்டியிருப்பதால் 10 மைல் 17 மைலாகிவிடும். அதோடு பக்கவாட்டில் நழுவுவது வேறு. எனவே எதிர்க்காற்றுப் பகுதியை வாரத் தொடக்கத்தில், காற்று ஏறாத காலையில் முடித்துவிட்டு, துணைக்காற்றில் திரும்பி வருவது போல வட்டம் போடுங்கள். பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளில் டோர்டோலாவிலிருந்து விர்ஜின் கோர்டாவுக்குப் போவது எதிர்க்காற்றில்தான்.

கேள்வி: அண்ணா, போன முறை நள்ளிரவில் நங்கூரம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. சங்கிலி 20 மீட்டர் விட்டிருந்தோம், ஆழம் 5 மீட்டர்தான். நான்கு மடங்கு போதாதா?

பதில்: போதாது தம்பி. கணக்கு தொடங்கும் இடமே தவறு. ஆழமானி காட்டிய 5 மீட்டரோடு, முன்முனை நீரிலிருந்து இருக்கும் உயரம் 1.5 மீட்டரையும், இரவில் ஏறும் ஓதம் அரை மீட்டரையும் கூட்டினால் 7. ஐந்து மடங்கு என்றால் 35 மீட்டர், காற்று பலம் என்றால் ஏழு மடங்கு, 49 மீட்டர். குறைந்த சங்கிலி நங்கூரத்தை மேல்நோக்கி இழுக்கும், அது மண்ணைவிட்டுக் கிளம்பிவிடும்.

வெளிர் மணல் தெரியும் இடத்தில் போடுங்கள். கடற்புல்லில் முனை இறங்காது. பவளத்தில் போடவே கூடாது, அது அழிந்தால் திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். படகு மெல்லப் பின்னால் போகப் போகச் சங்கிலியை விடுங்கள். இரண்டு முன்முனைகளிலிருந்தும் வரும் பிரைடில் கயிற்றைச் சங்கிலியில் மாட்டி, சுமை முழுவதும் கயிற்றுக்கு வரும்வரை சங்கிலியைத் தளர்த்துங்கள். இது இல்லாவிட்டால் படகு இரவெல்லாம் இடமும் வலமும் அலையும், நங்கூர விஞ்சும் பழுதாகும். பிறகு இரண்டு எஞ்சினையும் பின்னோக்கிப் போட்டு, மெல்ல வேகம் கூட்டி அரை நிமிடம் வையுங்கள். கரையில் இரண்டு பொருள்களை ஒரே நேர்க்கோட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அவை விலகினால் நங்கூரம் பிடிக்கவில்லை. கடைசியாக ஒருவர் கண்ணாடி மாட்டி நீந்திப் போய் நங்கூரத்தை நேரில் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பான கடலில் இந்த வசதி இருக்கும்போது ஏன் ஊகிக்க வேண்டும்?

கேள்வி: நங்கூரத்துக்குப் பதில் மிதவையில் கட்டுவதானால்?

பதில்: இரண்டு கயிறு. இடது கயிறு இடது கிளீட்டிலிருந்து (படகில் கயிறு கட்டும் முளை) மிதவையின் வளையத்துக்குள் போய் இடது கிளீட்டுக்கே திரும்ப வேண்டும், வலதும் அப்படியே. ஒரே கயிற்றை இடமிருந்து வலமாகப் போட்டால் அது வளையத்தில் இரவெல்லாம் உராய்ந்து அறுந்துவிடும். பின்னோக்கி வரும்போது டிங்கியின் (கரைக்குப் போய்வரும் சிறு படகு) கயிற்றைக் குட்டையாக்குங்கள், இல்லாவிட்டால் படகை உந்தும் விசிறியில் சுற்றும்.

கேள்வி: பவளப்பாறைகளுக்கு நடுவே எப்படிப் போவது?

பதில்: காலை 10 முதல் பிற்பகல் 2 வரை, சூரியன் உயரத்திலோ முதுகுப் பக்கமோ இருக்கும்போது மட்டும். போலரைஸ்டு கண்ணாடி அணிந்த ஒருவர் முன்னால் நிற்கட்டும். கருநீலம் ஆழம், பச்சை கலந்த நீலம் மணல்தரை, வெளுத்தால் மிக ஆழம் குறைவு, பழுப்பு என்றால் பாறை. மேகம் மறைத்தால் நின்றுவிடுங்கள். பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளில் உள்ள அனேகாடா போன்ற தாழ்ந்த தீவு மிக அருகில் போன பிறகுதான் கண்ணுக்குத் தெரியும், அதற்கு முன்பே பாறைகள் வந்துவிடும்.

இன்னொன்று: துறைமுகத்துக்குள் நுழையும்போது கரீபியனில் சிவப்பு மிதவை வலப்பக்கம். சீஷெல்ஸ், தாய்லாந்து, ஆஸ்திரேலியாவில் இடப்பக்கம். ஒரு கடலில் பழகியவர் மறு கடலில் நேராகப் பாறைமேல் ஏறுவது இதனால்தான்.

கேள்வி: தண்ணீர் போதுமா?

பதில்: கவனமாக இருந்தால் ஆளுக்கு 15 லிட்டர். எட்டுப் பேருக்கு நாளுக்கு 120. 600 லிட்டர் தொட்டி ஐந்து நாள்தான். நடுவில் ஒருமுறை நிரப்பத் திட்டமிடுங்கள். குடிக்க ஆளுக்கு 3 லிட்டர் தனி. கடல்நீரைச் சுத்திகரிக்கும் கருவி இருந்தால் திறந்த கடலில் மட்டும் ஓட்டுங்கள், துறைமுகத்து எண்ணெய் அதன் சவ்வைக் கெடுக்கும். குளோரினும் அப்படியே.

கேள்வி: பிடித்த மீனைச் சமைக்கலாமா?

பதில்: பவளப்பாறை அருகே பிடித்த பெரிய மீன்களை, முக்கியமாக பாராகூடாவை, சாப்பிடாதீர்கள். சிகுவேட்டரா நச்சு சுவையிலும் மணத்திலும் தெரியாது. வேகவைத்தாலும் உறைய வைத்தாலும் போகாது. ஆழ்கடலில் பிடித்த சூரை, மஹிமஹி பரவாயில்லை. பிடித்தவுடன் பனிக்கட்டியில் வையுங்கள்.

கேள்வி: கடல் குமட்டல்?

பதில்: மருத்துவர் சொன்ன மாத்திரையை முந்தின இரவே போடுங்கள், குமட்டல் தொடங்கிய பின் பலன் குறைவு. கேட்டமரனின் ஆட்டம் வெட்டி வெட்டி வரும், அலை அடித்தளத்தில் அறையும் சத்தமும் உண்டு. உள்ளே கைபேசி பார்க்காமல் வெளியே வந்து தொடுவானத்தைப் பாருங்கள்.

கேள்வி: முன்பணத்தைத் திரும்ப வாங்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: படகை வாங்கும்போதே அடிப்பகுதி, விசிறிகள், பாய்கள், டிங்கி, நங்கூரம் எல்லாவற்றையும் காணொளியாக எடுத்து, இருக்கும் கீறல்களை ஒப்படைப்புத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். சேதத் தள்ளுபடித் திட்டத்தில் (சேதத்துக்கு நீங்கள் கட்ட வேண்டியதைக் குறைக்கும் திட்டம்) டிங்கியும் அதன் எஞ்சினும் அடங்குமா என்று தனியாகக் கேளுங்கள். அதிகம் தொலைவது அவைதான். இரவில் டிங்கியை டேவிட்டில் (படகின் பின்புறத் தூக்குக் கம்பி) தூக்கிப் பூட்டி வையுங்கள்.