இன்டர்வியூவில் கையை எங்கே வைப்பது? – கேள்வி பதில்

கேள்வி: நாம் பேசுவது எதிரே இருப்பவரைச் சென்றடைவதில் உடல்மொழி 55 சதவீதம், குரல் 38, வார்த்தை வெறும் 7 என்கிறார்களே. பதில்களைத் தயாரித்துக்கொண்டு போவதே வீணா?

பதில்: அந்தக் கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து கிளம்பியது அது. ஒற்றைச் சொல்லைப் பல தொனிகளில் ஒலிக்கவிட்டு, முகப் படங்களையும் காட்டி, பேசுபவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று ஊகிக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான். உங்கள் வேலை அனுபவத்தை விளக்குவதற்கு அது பொருந்தாது. பதிலில் சரக்கு இல்லாவிட்டால் எவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்தாலும் வேலைக்கு ஆகாது.

கேள்வி: கை நடுங்குகிறது. என்ன செய்ய?

பதில்: மடியிலோ மேசைமேலோ வையுங்கள். பேனாவை மட்டும் எடுக்காதீர்கள், உங்களை அறியாமலே அழுத்தி அழுத்திச் சத்தம் எழுப்புவீர்கள்.

கேள்வி: எதிரே மூன்று பேர் இருந்தால் யாரைப் பார்த்துப் பேசுவது?

பதில்: கேட்டவரைப் பார்த்துத் தொடங்குங்கள், நடுவில் மற்றவர்களையும் பாருங்கள், முடிக்கும்போது கேட்டவரிடமே வந்துவிடுங்கள். யோசிக்கும்போது பார்வை விலகினால் தப்பில்லை. இமைக்காமல் முறைப்பதுதான் சங்கடம்.

கேள்வி: வாயைத் திறந்தாலே 'ஆக்சுவலி', 'அது வந்து' என்றுதான் வருகிறது. எப்படி விடுவது?

பதில்: அடுத்த வாக்கியம் தயாராகும் முன்பே வாயைத் திறப்பதால் வருவது அது. வாயை மூடிக்கொண்டு ஒரு மூச்சு விட்டுப் பாருங்கள். அந்த மௌனம் உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும். ஒன்றிரண்டு வந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய தொல்லை, பதிலை முடிக்கத் தெரியாதது. "பில் தாமதமானது, காரணத்தைக் கண்டுபிடித்து வரிசையை மாற்றினேன், தாமதம் நின்றது." இதோடு நிறுத்தலாம். நாமோ "...அப்புறம் டீமும் உதவினார்கள், அதாவது, அப்படித்தான்..." என்று இழுத்து, குரலை விழுங்கி, சொன்ன நல்ல விஷயத்தையும் கெடுத்துக்கொள்கிறோம். போனில் பதிவு செய்து, ஒவ்வொரு பதிலின் கடைசி வாக்கியத்தை மட்டும் கேளுங்கள். எங்கே வழுக்குகிறது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: உள்ளே போகுமுன் இடுப்பில் கைவைத்து நின்றால் தைரியம் வருமாமே?

பதில்: 2010-ல் வந்த ஓர் ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு அது. அந்த ஆய்வை எழுதியவர்களில் முதன்மையானவரான டேனா கார்னியே அந்த விளைவு உண்மையென்று நம்பவில்லை என 2016-ல் அறிவித்துவிட்டார். நிற்பதால் நஷ்டமில்லை, நில்லுங்கள்.

கேள்வி: வீடியோ காலில்?

பதில்: நீங்கள் பேசும்போது கேமராவைப் பாருங்கள், அவர்கள் பேசும்போது திரையைப் பார்க்கலாம். உங்கள் முகம் தெரியும் கட்டத்தை மறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டே இருப்பீர்கள்.