எல்லாருக்கும்தானே நடந்தது

கேள்வி: நாங்கள் திருக்கோவில் பக்கம். அப்பா கடற்றொழில் செய்தவர், 2004 சுனாமியில் தப்பியவர். இத்தனை வருடம் நன்றாக இருந்தார். போன வருடம் தொழிலை நிறுத்தியதிலிருந்து இரவில் அலறிக்கொண்டு எழும்புகிறார், கடற்கரைப் பக்கமே போவதில்லை, சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுகிறார். இது மனநோயா? யாரிடம் கூட்டிக்கொண்டு போவது?

பதில்:

உங்கள் கேள்வியை வாசிக்கும்போது என் அம்மாதான் கண்ணுக்குள் வந்தார்.

நாங்கள் மட்டக்களப்பு நாவலடி ஆட்கள். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவில் ஒரு மணல் துண்டு. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, போயா தினமும் கூட. அம்மாவின் கையிலிருந்து தம்பி நழுவினான். அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பதினான்கு. பிறகு திராய்மடுவில் வீடு கிடைத்தது, அம்மா தையல் மெஷினோடு இருந்து என்னைப் படிப்பித்தார். மார்கழி மழை பெய்யும் இரவுகளில் மட்டும் எழும்பி, இருட்டிலேயே எங்கள் கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவார். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு சொப்பிங் பேக் தொங்கும். அதற்குள் அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், ஒரு ஜோடி செருப்பு. அதை யாரும் இடம் மாற்றக் கூடாது. நாங்கள் அதை அம்மாவின் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தோம்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. காலை ஒன்பது மணியை ஒட்டி மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அம்புலன்ஸ் சத்தம் கேட்கக் கேட்க அம்மா கட்டிலில் ஏறி நின்று, "ஏறுங்க பிள்ளையள், தண்ணி வருகுது" என்று கத்தினார். அன்றிலிருந்து தூக்கம் போனது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழியும் சத்தத்துக்கே வியர்த்து நடுங்கினார்.

ஏன் இத்தனை வருடத்துக்குப் பிறகு என்று நீங்கள் யோசிப்பீர்கள். நானும் யோசித்தேன். சாதாரண நினைவு காலம் போகப் போகப் பழசாகிவிடும். உயிர் போகும் பயத்தில் பதிந்த நினைவு அப்படிப் பழசாவதில்லை. சத்தம், மணம், உடம்பின் நடுக்கம் என்று துண்டு துண்டாகக் கிடக்கும். மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற பகுதி, அதில் ஒரு துண்டைக் கண்டாலே 'இப்போதுதான் நடக்கிறது' என்று உடம்பை எழுப்பிவிடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நாம் கேலியாகச் சொல்கிறோமே, நடப்பது அதுதான், கேலி செய்ய அதில் ஒன்றுமில்லை. வேலையும் ஓட்டமும் இருக்கும்வரை பலர் இதை அமுக்கி வைத்திருப்பார்கள். தொழில் நின்றதும், துணை இறந்ததும், இன்னொரு அனர்த்தம் வந்ததும் அது மேலே வரும். உங்கள் அப்பாவுக்குத் தொழில் நின்றதோடு தொடங்கியது என்கிறீர்கள். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை.

நம் பக்கத்தில் இதை மனவடு என்பார்கள். கெட்ட கனவு, ஒதுங்கிப் போவது, எந்நேரமும் உஷாராக இருப்பது எல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் அதற்குச் சிகிச்சை வேண்டும், சிகிச்சையும் இருக்கிறது. பெயரைச் சொல்ல வேண்டியவர் வைத்தியர். 'பைத்தியமா' என்ற கேள்வியை மட்டும் வீட்டில் யாரும் கேட்க வேண்டாம்.

எங்களைப் பிந்த வைத்தது ஒரே ஒரு வசனம். மாமி அம்மாவிடம் அன்பாகத்தான் சொன்னார்: "ஊருக்கே நடந்ததுதானே புள்ள, எல்லாருக்கும்தானே நடந்த. மறுகா நீ மட்டும் என்னத்துக்கு?" அதன் பிறகு அம்மா வாய் திறக்கவில்லை. இலங்கையில் சுனாமிக்கு அதிக உயிர்களைக் கொடுத்தது உங்கள் அம்பாறை மாவட்டம், 10,000 பேருக்கு மேல். அதற்கு முன்னும் பின்னும் யுத்தம். இப்படிப்பட்ட ஊரில் எல்லாருக்கும் நடந்தது என்பது உண்மைதான். ஆனால் தம்பியின் கை நழுவியது அம்மாவின் கையிலிருந்துதானே. தயவுசெய்து அந்த வசனத்தை உங்கள் வீட்டுக்குள் விடாதீர்கள்.

அதேபோல, அன்றைக்கு நடந்ததை முழுக்கச் சொல்லச் சொல்லி அப்பாவை வற்புறுத்த வேண்டாம். சுனாமிக்குப் பிறகு முகாமுக்கு வந்த சிலர் எங்களை அலையை வரையச் சொன்னார்கள். அடுத்த வாரம் இன்னொரு கூட்டம் வந்து அதையே வரையச் சொன்னது. எங்களோடிருந்த ஒரு பிள்ளை தாள் முழுக்கக் கறுப்பு கிறேயோனைத் தேய்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டச் செய்வதால் பயன் இல்லை, சிலருக்குக் கெடுதலும் ஆகலாம் என்று பிறகு ஆய்வுகளே சொல்லிவிட்டன. அவர் தானாகப் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் பக்கத்தில் இருங்கள்.

இரவில் அலறும்போது பின்னாலிருந்து பிடித்து உலுக்காதீர்கள். லைட்டைப் போட்டு, கொஞ்சம் தள்ளி நின்று, "அப்பா, இது நம்ம வீடு, நான்தான் நிக்கிறன், தண்ணி வரல்ல" என்று மெதுவாகச் சொல்லுங்கள். தரையைக் காலால் அழுத்தச் சொல்லுங்கள். மூச்சை இழுப்பதை விட விடுவது நீளமாக இருக்கட்டும். சிகிச்சை தொடங்கும்வரை இது தாங்கும்.

முதலில் அம்மாவை ஒரு தனியார் கிளினிக்குக்குத்தான் கூட்டிப் போனோம். ஐந்து நிமிடத்தில் தூக்க மாத்திரை எழுதித் தந்தார்கள். தூக்க மாத்திரை மட்டும் மனவடுவுக்கு மருந்தாகாது (ஏற்கெனவே குடித்து வந்தால் சடுதியாக நிறுத்தவும் கூடாது, வைத்தியரைக் கேளுங்கள்). மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போன பிறகுதான் வழி பிறந்தது. மருந்தோடு உளவளத்துணையும் நடந்தது. முதல் சில வாரம் மூச்சுப் பயிற்சி மட்டும். அப்புறம் கல்லடிப் பாலத்தை பஸ்ஸில் கடப்பது, யன்னல் பக்கம் இல்லாமல். பிறகு யன்னல் பக்கம். ஐந்து மாதம் கழித்து ஒரு பின்னேரம் கல்லடிக் கடற்கரையில், மணலில் இறங்காமல், ரோட்டோரம் நின்று கச்சான் வாங்கித் தின்றார். கடலைப் பார்க்கவில்லை, கச்சானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதுவிட்டேன். இதைப் பயிற்சி பெற்றவர் துணையோடு படிப்படியாகச் செய்ய வேண்டும். நீங்களாக அப்பாவைக் கடற்கரைக்கு இழுத்துப் போகாதீர்கள்.

கோயிலுக்குப் போக வேண்டாம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கில், குளிர்த்தியன்று, அம்மா வாய்விட்டு அழுவார். வீட்டில் அப்படி அழ முடிந்ததில்லை. நூல் கட்டுங்கள், தண்ணீர் ஓதிக் கொடுங்கள், கிளினிக் திகதியையும் தவறவிடாதீர்கள்.

உங்களுக்குக் கிட்ட உள்ள ஆதார வைத்தியசாலையில் மனநலக் கிளினிக் எந்த நாள் என்று கேளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரி, காசு இல்லை. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார், அவரிடமும் போகலாம். அவசரத்துக்கு 1926, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் கதைக்கலாம். 1333ம் இலவச ஆலோசனை இலக்கம்தான்.

ஒன்றை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். "நானும் அண்டைக்கே போயிருக்கலாம்" என்ற மாதிரி அப்பா பேசினால், சாக வேண்டும் என்று நினைக்கிறாரா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. வயல் மருந்து வீட்டில் இருந்தால் அன்றைக்கே வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். மிக நச்சான வயல் மருந்துகளைத் தடைசெய்த பிறகு இலங்கையில் தற்கொலை பெருமளவு குறைந்தது, மருந்து கைக்கெட்டாத தூரத்தில் இருப்பதே உயிரைக் காக்கும். அவரைத் தனியாக விடாதீர்கள். ஏதாவது செய்துகொண்டால் 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும், அதுவும் இலவசம்.

அப்பா வர மாட்டேன் என்றால் நீங்கள் முதலில் 1926க்கு எடுங்கள், வீட்டு ஆட்களும் பேசலாம். எந்த இரவில் எழும்பினார், அதற்கு முன் என்ன சத்தம் கேட்டது, எவ்வளவு நேரம் தூங்கினார் என்று இன்றிரவிலிருந்தே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கிளினிக்கில் முதலில் கேட்பது அதைத்தான்.