புர்ராட்டா என்பது என்ன சீஸ்?

தெற்கு இத்தாலியில், புலியா பகுதியின் ஆந்திரியா ஊரில் 20ஆம் நூற்றாண்டில் பிறந்த பசும்பால் சீஸ். கொழுக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்: மேல்மாவு மொசரெல்லா (பீட்சாவில் நூலாக இழுபடும் சீஸ்), பூரணம் க்ரீமில் ஊறிய மொசரெல்லா நார்கள்.

மாவுபோல எப்படி வளைகிறது? திரிந்த பால் கொஞ்சம் புளித்ததும், புரதத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியத்தில் ஒரு பகுதி விலகிவிடும். அப்புறம் வெந்நீரில் போட்டால் பரோட்டா மாவாக இழுபடும். அதைப் பைபோல ஆக்கி, நிரப்பி, வாயை முடிச்சுப் போட்டுவிடுவார்கள். மொசரெல்லா செய்து மிஞ்சிய துண்டுகளை வீணாக்காமலிருக்கக் கண்ட வழி என்கிறார்கள். சிக்கனத்தில் பிறந்தது, இன்று யானை விலை! 2016இல் ஆந்திரியா புர்ராட்டாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு தந்தது.

பெயர் வெண்ணெயைக் குறிக்கும் ‘புர்ரோ’விலிருந்து வந்தாலும், உள்ளே வெண்ணெய் கிடையாது, வெட்டினால் ஒழுகுவது க்ரீம்தான்.