கராஜ் வாசல்: மெக்லாரன் எஃப்1 பத்தி நீங்க கேட்டதுக்கெல்லாம் பதில்

கேள்வி (தலவாக்கலை வாசகர்): அண்ணே, இப்ப வர்ற எலக்ட்ரிக் கார் சிலது ஆயிரம் குதிரைவலுவத் தாண்டிருச்சு. அப்படி இருக்க 90கள்ல வந்த மெக்லாரன் எஃப்1ஐ ஏன் இன்னும் தூக்கி வச்சுப் பேசுறாங்க? ஸ்பெக் எல்லாம் கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

பதில்: தம்பி, ஸ்பெக்னு சொன்னா எல்லாரும் மொதல்ல குதிரைவலுவத்தான் பாக்குறாங்க, நீங்க எடையப் பாருங்க. 1138 கிலோ, அவ்வளவுதான். நம்ம ரோட்டுல ஓடுற பழைய கொரோலாவும் கிட்டத்தட்ட அதே எடைதான், ஆனா அதுல இருக்கறது நூத்திச் சொச்சம் குதிரைவலு, இதுல 627. எங்கப்பா தோட்டத்து லொறி ஓட்டினவரு. மழை நாள்ல நனைஞ்ச கொழுந்து ஏத்தினா அதே மேட்டுல, அதே லொறியில, ஒரு கியர் கொறைச்சுத்தான் ஏறணும்னு சொல்வாரு. எஞ்சின் மாறல, தண்ணி எடை கூடிருச்சு. எஃப்1 காரு முழுக்க இந்தக் கணக்குலதான் செஞ்சது.

இத டிசைன் பண்ணினவரு கோர்டன் மரே, தென்னாபிரிக்காவுல டர்பன்ல பொறந்தவரு, ஃபோர்முலா வன் கார்களுக்குப் பேர்போன ஆளு. 1988ல மெக்லாரன் டீம் 16 ரேஸ்ல 15 ஜெயிச்சுது, தோத்த ஒரே ரேஸ் இத்தாலில நடந்தது, அது முடிஞ்சு மிலான் ஏர்போட்ல ப்ளேனுக்குக் காத்துக்கிட்டு இருந்தப்பதான் இப்படி ஒரு ரோட்டுக் கார் செய்யலாம்னு பேச்சு வந்திருக்கு. எஞ்சினுக்கு மொதல்ல ஹொண்டாவக் கேட்டாங்க, சரிவரல, அப்புறம் பீஎம்டபிள்யூ. அங்க போல் ரோஷே தலைமையில செஞ்ச வி12 எஞ்சின் 6064 சிசி, காத்த அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளுற டர்போவோ சூப்பர்சார்ஜரோ இல்ல. மரே கேட்டது 550 குதிரைவலு, எடை 250 கிலோவுக்குள்ள. கைக்கு வந்தது 627 குதிரைவலு, ஆனா 266 கிலோ. அந்த 16 கிலோவுக்குக் கூட கணக்குப் பாத்த மனுசன் அவரு. டோர்க், அதாவது எஞ்சின் சுத்தித் தள்ளுற பலம், 5600 ஆர்பிஎம்ல 650 நியூட்டன் மீற்றர்.

எடைய எங்க எங்க கொறைச்சாங்கன்னு பாத்தா ஆச்சரியமா இருக்கும். பொடிக்குள்ள இருக்குற எலும்புக்கூடு முழுசும் கார்பன் ஃபைபர், ரோட்டுல விக்கிற கார்ல இதுதான் மொதல். ஃப்ளைவீல் அலுமினியம், க்ளச் கார்பன், அதனால எக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்த ஒடனே ஆர்பிஎம் படார்னு கீழ வந்துரும். கார் கூட குடுக்குற ஸ்பானர் செட் கூட டைட்டேனியம்னா பாத்துக்குங்க. பவர் ஸ்டியரிங் இல்ல, ஏபிஎஸ் இல்ல, பிரேக்க லேசா மிதிக்க ஒதவுற சர்வோவும் இல்ல, எல்லாம் உங்க கை கால் பலம்தான். மியூசிக் செட் கென்வூட் சிடி ப்ளேயர், அதுல ரேடியோ கெடையாது. எஞ்சின் அறைக்குள்ள மட்டும் நெசத் தங்கத் தகடு ஒட்டியிருக்காங்க, அழகுக்கு இல்ல, சூட்டத் திருப்பி அனுப்புறதுக்குத் தங்கம் மாதிரி வேற இல்லன்னு. பின்னாடி இருக்குற எஞ்சின் மூடியத் தொறந்தா அடுப்படி பக்கத்துல வச்ச கல்யாணக் குத்துவிளக்கு மாதிரி மினுங்கும்.

சீட் மூணு. ட்ரைவர் நடுவுல, ரெண்டு பக்கமும் கொஞ்சம் பின்னாடி தள்ளி ரெண்டு பேரு. சாதாரணக் கார்ல வளைவுல எந்தப் பக்கம் எவ்வளவு எடம் இருக்குன்னு ஒரு பக்கமாத்தான் கணக்குப் போடணும், இதுல ரெண்டு பக்கமும் சமமாத் தெரியும். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம்னு ஓட்டுற நம்மாளுங்களுக்கு இதோட அருமை சொல்லாமலே புரியும்.

ஸ்பீடு விசயம்: 0லருந்து மணிக்கு 60 மைல், அதாவது கிட்டத்தட்ட 97 கிலோமீற்றர், 3.2 செக்கன். 1998 மார்ச் 31ல ஜேர்மனியில ஏரா-லெஸ்ஸியன் டெஸ்ட் ட்ராக்ல ரெவ் லிமிட்டர, அதாவது எஞ்சின் சுத்துற வேகத்துக்கு வச்ச வரம்ப, ஏத்தி விட்டு, அண்டி வோலஸ் ஓட்டி 240.1 மைல், நம்ம கணக்குல 386 கிலோமீற்றர் தொட்டுச்சு. ரோட்டுல விக்கிற கார்ல இதுதான் வேகம்ங்கற அந்த ரெக்கோட் 2005 வரைக்கும் நின்னுச்சு. அந்த வருசமே வந்த புகாட்டி வேரோன் 1001 குதிரைவலு, ஆனா எடை 1888 கிலோ. ஒரு டன்னுக்கு எவ்வளவுன்னு வகுத்துப் பாருங்க, வேரோனுக்கு 530, எஃப்1க்கு 551. ஆரம்ப இழுவையில வேரோன் முந்தும், நாலு சக்கரமும் இழுக்குதே. ஆனா டர்போ இல்லாம, நாலு வீல் ட்ரைவ் இல்லாம இந்த இடத்துல நிக்கிறது எஃப்1தான். அதனாலதான் பேசுறாங்க, பேசவும் வேணும்.

கேள்வி (நானுஓயா வாசகர்): எங்க ஊர் பக்கம் காத்து மெல்லிசுன்னு சொல்றாங்களே, இந்தக் கார் நுவரெலியா வந்தா பவர் கொறையுமா? மஹகஸ்தோட்டை ஹில் க்ளைம் ஓட்டினா எப்படி இருக்கும்?

பதில்: நல்ல கேள்வி, கண்டிப்பாக் கொறையும். நுவரெலியா கடல் மட்டத்துல இருந்து 1868 மீற்றர். அந்த ஒசரத்துல காத்தோட அடர்த்தி ஏறத்தாழ ஐஞ்சுல ஒரு பங்கு கொறஞ்சிரும், டர்போ இல்லாத எஞ்சின் அந்தக் காத்தத்தான் உறிஞ்சி எரிக்குது, அதனால 627ல கிட்டத்தட்ட 500 தான் மிஞ்சும்னு வச்சுக்குங்க. ஃபெராரி எஃப்40 மாதிரி டர்போ வண்டிக்கு இந்த அடி கொறைவு, டர்போ காத்த அமுக்கித் தள்ளிரும். அது 2.9 லீற்றர் வி8, 478 குதிரைவலு.

ஆனா இங்க ஒரு சங்கதி இருக்கு. மெல்லிசான காத்து எஞ்சினுக்குக் கொறைவு, காரத் தடுக்குறதுலயும் கொறைவுதான். அதனால நேர் ரோட்டுல டொப் ஸ்பீட் பெருசா மாறாது, அடி வாங்குறது இழுவைதான். ஹில் க்ளைம்ல எல்லாமே இழுவை, முடக்குல இருந்து முடக்குக்கு ஏறுறது. மொதல் கியர்லயே 100 கிலோமீற்றர் கிட்ட போற வண்டி அது, மஹகஸ்தோட்டை மாதிரி ஒடுக்கமான ஏத்தத்துல மூணாவது கியருக்கு மேல போற வேலையே வராதுன்னு நெனைக்கிறேன். அங்க நேரத்தத் தீர்மானிக்கிறது டயர் பிடிமானமும் அந்த 1138 கிலோவும்தான்.

கேள்வி (பண்டாரவளை வாசகர்): மொத்தம் எத்தனை கார் செஞ்சாங்க? இப்ப என்ன வெல?

பதில்: 106. அதுல சாதாரண ரோட்டுக் கார் 64, ரேஸுக்குச் செஞ்ச ஜிடிஆர் 28, மிச்சம் சோதனைக்குச் செஞ்ச ப்ரோட்டோடைப்பும், எல்எம், ஜிடின்னு ரெண்டு விசேஷ வகையும். 1995ல லெ மான் 24 மணி நேர ரேஸ ஜெயிச்சது அந்த ஜிடிஆர்தான், தல்மாஸ், செகியா, லெஹ்தோ மூணு பேரும் ஓட்டினாங்க. 2021ல அமெரிக்காவுல ஏலத்துல ஒண்ணு 2 கோடி டொலரத் தாண்டிப் போச்சு.

கேள்வி (இறம்பொடை வாசகர்): பிரேக்குக்கு சர்வோ இல்லன்னு படிச்சேன். எங்க ஊர் இறக்கத்துல தாங்குமா?

பதில்: தாங்கும், ஆனா கால் மட்டும் போதாது. முன்னுக்கு 332 மில்லிமீற்றர் இரும்பு டிஸ்க், ப்ரெம்போ கேலிப்பர். இறம்பொடை இறக்கத்துல பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்தா எந்த வண்டியா இருந்தாலும் சூடேறும், பிடி தளரும், லொறிக்காரங்க ஏன் ஏறின கியர்லயே இறங்குறாங்கன்னு உங்களுக்குத் தெரியும். இதுலயும் அதே வேலைதான், ரெண்டாவது கியர்ல போட்டு எஞ்சினையே பிடிக்க விடுங்க, ஆறு லீற்றர் வி12 நல்லாப் பிடிக்கும். பிரேக்க முடக்குக்கு முன்னால மட்டும் அழுத்தமா ஒரு தடவை மிதிச்சு விட்டுருங்க.