பிபி மெஷினில் அடுத்தடுத்து மூன்று தடவை பார்த்தால் 152, 144, 138 என்று காட்டுகிறது. மெஷின் பழுதா?

பெரும்பாலும் இல்லை. முதல் தடவை கூடுதலாகக் காட்டி, பிறகு இறங்குவது சகஜம். மெஷினைச் சந்தேகிக்கும் முன் கைப்பட்டையைப் பாருங்கள்.

தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவைத் தையல் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். பல மெஷின்களோடு வரும் பட்டையில் 22–32 செ.மீ. என்று அச்சிட்டிருக்கும். உங்கள் கை 35 செ.மீ. என்றால் அந்தப் பட்டை பிரஷரைக் கூட்டித்தான் காட்டும். அதே மாடலுக்குப் பொருந்தும் பெரிய பட்டை வாங்குங்கள். சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டுக் கட்டுவதும் தப்பு. சுருட்டிய துணியே கையை இறுக்கும். வெறும் கையில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே கட்ட வேண்டும்.

அடுத்தது கையின் உயரம். பட்டை இதயத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தால் 7, 8 புள்ளி கூடும். சோபாவில் சாய்ந்து, கையை மடியில் போட்டுப் பார்ப்பவர்களுக்கு இதுதான் நடக்கிறது. முதுகு சாயும் நாற்காலி, கை மேசை மேல், கால் மேல் கால் போடாமல் பாதம் இரண்டும் தரையில். சிறுநீர் கழித்துவிட்டு ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். (சீரியல் ஓடும்போது வேண்டாம்.) காபி, சிகரெட், நடைப்பயிற்சி ஆகி அரை மணி நேரமாவது போக வேண்டும்.

காலையில் மாத்திரைக்கும் டிபனுக்கும் முன்பு, இரவில் சாப்பாட்டுக்கு முன்பு, ஒவ்வொரு வேளையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. இப்படி ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டால் மிச்சம் 24 அளவுகள். அவற்றின் சராசரிதான் உங்கள் பிரஷர். கிளினிக்கில் 140/90 என்பது வீட்டில் 135/85-க்குச் சமம். 138-ஐ 140 என்று முழு எண்ணாக்கி எழுதாதீர்கள், பிடிக்காத எண்ணை அடிக்கவும் செய்யாதீர்கள். சராசரி நன்றாக வந்தாலும் மாத்திரையைக் குறைப்பது டாக்டர் வேலை.

180/120-ஐத் தாண்டினால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். நீங்களாகக் கூடுதல் மாத்திரை போட வேண்டாம். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல் இருந்தால் காத்திருக்காமல் 108.

நாடித்துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு இந்த மெஷின்கள் தடுமாறும். துடிப்பு ஒழுங்கில்லை என்று காட்டும் குறி திரையில் அடிக்கடி வந்தால் ஈசிஜி எடுக்கலாமா என்று கேளுங்கள். அடுத்த முறை கிளினிக் போகும்போது மெஷினையும் கொண்டுபோய், அங்குள்ள கருவியோடு அதே கையில் மாற்றி மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.